வாசகர் கேள்வி-பதில்: கார்டில் உள்ள திகதியை நம்பாதீர்கள்

படகில் அவுஸ்திரேலியாவுக்கு வந்து இன்னும் தற்காலிக விசாவில் இருப்பவர்களின் கடிதங்கள்தான் இந்த மாதம் அதிகம். நான் லோயர் இல்லை. மெல்பேர்னில் பல வருடங்கள் மொழிபெயர்ப்பாளராக இருந்ததால் இந்தப் படிவங்களோடு நல்ல பழக்கம், அவ்வளவுதான். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அக்கா, என் இம்மிகார்டில் திகதி அடுத்த வருடம் வரைக்கும் இருக்கிறது. ஆனால் முதலாளி “உனக்கு விசா முடிந்துவிட்டது” என்று வேலையை நிறுத்திவிட்டார். இது நியாயமா? (டண்டினோங்)

தம்பி, முதலாளி சொன்னதுதான் சரியாக இருக்கும். இம்மிகார்ட் நீங்கள் யார் என்று காட்டும் அட்டை, அது விசா அல்ல. அட்டைக்கு ஒரு திகதி, விசாவுக்கு வேறு திகதி. விசாத் திகதியைப் பார்க்க, விசா கொடுக்கும் உள்துறைத் திணைக்களத்தின் ‘வீவோ’ என்ற இணையச் சேவைக்குள் போக வேண்டும். முதலாளியும் அதில்தான் பார்த்திருப்பார். போனிலேயே பார்க்கலாம். விசா எப்போது முடிகிறது, வேலை செய்யலாமா கூடாதா எல்லாம் அதில் வரும்.

பிரிட்ஜிங் விசா ஈ, அதாவது உங்கள் குடிவரவு விடயம் முடியும் வரை இங்கே இருக்கத் தரும் தற்காலிக விசா, முடிந்துவிட்டால் சட்டப்படி நீங்கள் இங்கே விசா இல்லாத ஆள். வேலை அனுமதி போகும், மெடிக்கெயர் என்ற அரச மருத்துவ உதவி நிற்கும், தடுப்புக்காவலுக்கும் வழி இருக்கிறது. அதனால் இன்றைக்கே ஒரு லோயரோடு கதையுங்கள். படகில் வந்தவர்களில் சிலருக்கு விண்ணப்பிக்கவே சட்டத்தில் தடை உண்டு, அதை அமைச்சர் விலக்கினால்தான் விண்ணப்பமே செல்லும். உங்கள் நிலை எது என்று லோயர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

புதுப்பிக்கும்போது இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். விண்ணப்பம் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. போட்டதாலேயே பழைய விசா நீளாது, புதியது கையில் கிடைக்கும் வரை பழையதன் திகதி பழையதுதான். ஒரு மாதத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வது இதனால்தான். அடுத்தது, வேலை அனுமதி தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். பணக்கஷ்டத்தைக் காட்ட வாடகை ரசீது, வங்கிக் கணக்கு விபரம், கரண்ட் பில் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். “கஷ்டமாக இருக்கிறது” என்று ஒரு வரி எழுதி, பின்னால் ஒரு காகிதமும் வைக்காமல் அனுப்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் விசா வரும், ‘வேலை கூடாது’ என்ற 8101 நிபந்தனையோடு.

எங்களுக்குப் படிவம் நிரப்பித் தரும் அண்ணை பிரிட்ஜிங் விசாவுக்கு அரசாங்கக் கட்டணம் என்று காசு வாங்கினார். ஈமெயிலும் அவர் திறந்ததுதான், பாஸ்வேர்ட் அவரிடம்தான் இருக்கிறது. இப்போது போன் எடுக்கிறார் இல்லை. என்ன செய்வது? (சிட்னி)

முதலில் காசு. பிரிட்ஜிங் விசா ஈ-க்கு அரசாங்கக் கட்டணம் எதுவும் இல்லை. அவர் தன் உழைப்புக்குக் கேட்டிருந்தால் அது வேறு கதை, ஆனால் இங்கே காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல ஒன்றில் பதிவு செய்த முகவராக இருக்க வேண்டும், அல்லது லோயராக இருக்க வேண்டும். முகவருக்கு ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கும், அதைப் பொதுப் பதிவேட்டில் யாரும் தேடிப் பார்க்கலாம். 2021 மார்ச்சிலிருந்து முழு அனுமதி பெற்ற லோயர்களுக்கு அந்த எண் தேவையில்லை, ஆகவே எண் இல்லை என்றதும் லோயரைச் சந்தேகப்பட்டு விடாதீர்கள். ஊர்க்காரர், கோயிலில் தெரிந்தவர் என்பதெல்லாம் தகுதி ஆகாது.

காசை விட எனக்குப் பயம் அந்த ஈமெயில்தான். திணைக்களம் ஈமெயிலில் முடிவை அனுப்பினால், அனுப்பிய அன்றைக்கே உங்களுக்குக் கிடைத்துவிட்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் திறந்தீர்களா, வாசித்தீர்களா என்பது கணக்கில் இல்லை. மறுப்பு வந்து நீதிமன்றத்துக்குப் போவதென்றால் 35 நாள்தான். அதுவும் முடிவு எடுத்த திகதியிலிருந்து எண்ணுவார்கள், உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அல்ல. பாஸ்வேர்டை இன்னொருவர் வைத்திருக்க, அந்த 35 நாளும் சத்தமில்லாமல் ஓடிவிடலாம். பிந்தியும் நீதிமன்றத்தைக் கேட்கலாம், ஆனால் ஏன் பிந்தியது என்று விளக்கி, அதை அவர்கள் ஏற்க வேண்டும்.

ஆகவே உங்கள் பெயரில், உங்கள் போனில் திறக்கும் ஒரு ஈமெயிலை இன்றைக்கே உருவாக்குங்கள். அந்த அண்ணைக்கு இனி உங்கள் சார்பில் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். இதுவரை ஏதாவது கடிதம் போயிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் 131 450-க்கு எடுத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னால் போதும், இணைத்துவிடுவார்கள். வீடு மாறும்போதும் கவனம்: உங்கள் விசாவில் 8506 நிபந்தனை இருந்தால், மாறுவதற்கு இரண்டு வேலை நாட்களுக்கு முன்பே புது விலாசத்தை அறிவிக்க வேண்டும். சாமான் ஏற்றிய பிறகு அறிவிப்பதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம்.

என்னிடம் ஷெவ் (அகதிகளுக்கான ஒரு தற்காலிக விசா) இருக்கிறது. அம்மாவுக்குச் சுகமில்லை. யாழ்ப்பாணம் போக முடியாது என்று தெரியும், அம்மாவைச் சென்னைக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வரலாமா? (பேர்த்)

அனுமதி இல்லாமல் கூடாது. உங்கள் விசாவில் 8570 நிபந்தனை இருக்கும். இலங்கைக்குள் போகவே முடியாது, இந்தியா உட்பட வேறு எந்த நாட்டுக்கும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அம்மாவின் வைத்திய அறிக்கை, அவர் உங்கள் அம்மா என்று காட்டும் பிறப்புப் பத்திரம் இரண்டையும் வைத்துக் கேளுங்கள். டிக்கெட்டைப் பிறகு போடுங்கள்.

இன்னொரு கேள்வி, நீங்கள் கேட்காதது. ஏன் இன்னும் ஷெவ்வில் இருக்கிறீர்கள்? 2023 பெப்ரவரி 14-க்கு முன் டிபிவி (தற்காலிகப் பாதுகாப்பு விசா) அல்லது ஷெவ் வைத்திருந்தவர்களும், அதற்கு விண்ணப்பித்திருந்தவர்களும் 851 என்ற நிரந்தர விசாவுக்கு வரலாம் என்று அரசாங்கம் வழி திறந்தது. போடவில்லை என்றால் ஷெவ் முடிவதற்குள் போடுங்கள்.

நான் 2013-இல் வந்தேன். படகில் வந்தவர்களுக்கான ‘பாஸ்ட் ட்ராக்’ என்ற விரைவு விசாரணை முறையில் மறுத்துவிட்டார்கள். எனக்கும் 851 கிடைக்குமா? (மெல்பேர்ன்)

இல்லை, தம்பி. அந்த வழி உங்களுக்கு இல்லை. உங்கள் மீளாய்வை நேரில் ஒரு வார்த்தை கேட்காமல் பெரும்பாலும் காகிதத்திலேயே முடித்திருப்பார்கள். அப்படி மீளாய்வு செய்த அமைப்பையே 2024 ஒக்டோபரில் மூடிவிட்டு, வேறு தீர்ப்பாயத்தைக் கொண்டுவந்தார்கள். மூடியதால் உங்கள் பழைய முடிவு மாறவில்லை என்பதுதான் எரிச்சல்.

மிச்சம் இருப்பது அமைச்சரின் தலையீடு. ஊரில் நிலைமை மாறியது, உங்களுக்குப் புதிதாக வந்த ஆபத்து, இங்கே பிறந்த பிள்ளைகள் என்று புதிய விடயம் இருந்தால் கேட்கலாம். ஆனால் அமைச்சர் பார்த்தேயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதை லோயர் இல்லாமல் எழுதாதீர்கள். சிட்னியில் ஆர்ஏசிஎஸ், மெல்பேர்னில் ரெஃபியூஜி லீகல் போன்றவை இப்படியானவர்களுக்கு இலவசமாக உதவும் இடங்கள்.

என் படிவத்தில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகவும், தம்பியின் படிவத்தில் அவனது சொந்தப் பெயர் குடும்பப் பெயராகவும் இருக்கிறது. பிரச்சினை வருமா?

ஒரே குடும்பம் என்று காட்ட வேண்டிய நாளில் வரும். இப்போதே 1023 படிவத்தில் திருத்தம் கொடுங்கள். பிறப்புப் பத்திரத்தை ‘நாட்டி’ (மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் அவுஸ்திரேலிய அமைப்பு) சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள். இருவரும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பேசி முடிவு செய்துவிட்டு அனுப்பினால் நல்லது.