சுழலும் குழாய்க்குள் திரவம் புகுவது எப்படி?

கேள்வி: எங்கள் காணியில் குழாய்க்கிணறு அடித்தபோது அழுத்தக் காற்றினால் கற்றூளை வெளியே தள்ளினார்கள். எண்ணெய்க் கிணறுகளில் சேற்றுத் திரவத்தை ஏற்றுகிறார்களாமே. சுழன்றுகொண்டிருக்கும் துளைக்குழாய்க்குள் அதை எவ்வாறு செலுத்துகிறார்கள்?
– வாசகர், செட்டிகுளம்

பதில்: வவுனியாப் பக்கத்துக் கருங்கற்பாறைக்குக் காற்றே போதும். ஆனால், 2011 இல் மன்னார்க் கடற்படுகையில் இயற்கை வாயு கண்டறியப்பட்டதைப் போன்ற ஆழ்துளைகளில், பாறைக்குள் அடைபட்டிருக்கும் வாயுவும் எண்ணெயும் பீறிட்டு மேலெழாதபடி தன் எடையால் தடுத்து நிறுத்தக்கூடிய திரவம் வேண்டும். அதனாலேயே பென்டோனைட் களியும், எடை கூட்டுவதற்குப் பாரைட்டுத் தூளும் கலக்கிறார்கள்.

பெரும்பாலும் மூன்று பிஸ்டன்கள் கொண்ட பம்பியே இத்திரவத்தை உந்துகிறது. பிஸ்டன்களின் துடிப்பினால் குழாய்கள் அதிராதபடி, நைதரசன் நிரப்பிய அழுத்தத் தணிப்பான் ஒன்று அருகில் பொருத்தப்படும். பின்னர் திரவம் துளையிடும் கோபுரத்தில் நிமிர்ந்து நிற்கும் குழாய்வழி ஏறி, வலுவூட்டிய இறப்பர்க் குழாயினூடாகச் சுழல் இணைப்பை அடைகிறது.

நீங்கள் கேட்டதற்கு விடை இந்த இணைப்பில்தான் இருக்கிறது. அதன் மேற்பாகம் அசையாது நிற்க, கீழ்ப்பாகம் துளைக்குழாயுடன் சேர்ந்து சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள கடினமான உலோகக் குழலைச் சுற்றி இறுக்கிய அடைப்பு வளையங்களே கசிவைத் தடுக்கின்றன. சேற்றிலுள்ள நுண்மணல் அவற்றை விரைவில் அரித்துவிடும் என்பதால், என் கருத்தில், மிகக் கவனமாகப் பராமரிக்க வேண்டிய பகுதி இதுவே. குழாயின் அடியில் பாறையை வெட்டும் துரப்பண முனையின் துவாரங்களால் பீறிடும் திரவம், வெட்டிய கற்றூளைச் சுமந்துகொண்டு குழாய்க்கு வெளிப்புறமாக மேலே திரும்புகிறது. அங்கே அதிரும் சல்லடைகள் தூளைப் பிரித்தெடுக்க, திரவம் மீண்டும் பம்பிக்குச் செல்கிறது.