அரியர், ரீவேல்யூவேஷன், பிட்: மாணவர் கேள்விகளும் பதில்களும்

பெருந்துறை, இரண்டாம் ஆண்டு: மேத்ஸ் கப்புங்க, ஃபெயில். இன்டர்னல் 40-க்கு 18. அடுத்த தடவை எவ்வளவு எடுத்தால் பாஸ் ஆவேன்?

தம்பி, அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷன்படி தியரி பேப்பருக்கு இரண்டு கணக்கு. பரீட்சையில் 100-க்கு 45 கட்டாயம். அந்த மார்க்கை 60-க்கு மாற்றி இன்டர்னலோடு கூட்டினால் 50 வரணும். உங்களுக்கு இன்னும் 32 வேணும். அதற்குப் பேப்பரில் 54 எடுக்கணும். இன்டர்னல் 23 இருக்கிறவருக்கு 45 போதும்.

மேத்ஸ் பேப்பரில் யூனிட்டுக்கு இரண்டு 2 மார்க், ஒரு 16 மார்க், ஆக 20. நாலு யூனிட்டை முழுசாகப் போட்டால் 80. அதில் 26 போனாலும் தப்பிச்சுக்கலாம். அஞ்சு யூனிட்டையும் நுனிப்புல் மேய்ந்தால் 16 மார்க் கேள்வி ஒன்றும் முடியாது. ஃபார்முலா, சப்ஸ்டிட்யூஷன் எல்லாம் தனித்தனி வரியில் எழுதுங்க; விடை தப்பானாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு.

கரூர்: நல்லாத்தான் எழுதினேன், ஃபெயில். ரீவேல்யூவேஷன் (மறுமதிப்பீடு) போடலாமுங்களா?

முதலில் விடைத்தாள் போட்டோகாப்பிக்கு விண்ணப்பிங்க. வந்ததும் கூட்டலைச் சரிபாருங்க, மார்க் போடாமல் விட்ட பக்கம் இருக்கான்னு பாருங்க. பிறகு அந்தப் பாடம் எடுக்கிற ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்க. அவர் பாஸ் மார்க் போட்டால் மட்டும் பணம் கட்டுங்க. ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் அரியர் ஃபீஸையும் கட்டிடுங்க.

பல்லடம், ஒரு தகப்பனார்: தறி ஓட்டுறோமுங்க. புள்ளைக்கு நாலு அரியர். சரியாச் சாப்பிடறதில்லை, பேசறதும் இல்லை.

மார்க்கைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் கேட்காதீங்கய்யா. சொந்தக்காரர்கிட்டயும் சொல்ல வேண்டாம். "சாப்பிட வா கண்ணு" போதும். தூக்கமில்லாமல் இருந்தாலோ, "நான் எதுக்கு இருக்கணும்" என்பது மாதிரி பேசினாலோ பிள்ளையைத் தனியாக விடாதீங்க; அன்னைக்கே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க, தமிழில் பேசுவாங்க, காசு கிடையாது. நாலு அரியரால் டிஸ்டிங்ஷன் போகும். ஆனால் ஐந்து வருடத்துக்குள் எல்லாம் முடித்து சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி கிரேடு) 6.5 இருந்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ் கிடைக்கும்.

கோவை: பாத்ரூம் போய் போன் பார்த்து எழுதறவங்க பாஸ். நேர்மையா எழுதின நான் ஃபெயில். அவங்களைப் போட்டுக் கொடுக்கலாமா?

உங்க கோபம் நியாயமானதும்மா. ஆனால் "இவள் காப்பி அடிச்சாள்" என்ற மொட்டைக் கடிதத்தை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பெயரை விட்டுட்டு வழியைச் சொல்லுங்க: எந்த ஹால், எத்தனை மணிக்கு வெளியே போறாங்க, போனை எங்கே ஒளிக்கிறாங்க. தேர்வுப் பிரிவு ஒருங்கிணைப்பாளரிடம் அடுத்த பரீட்சைக்கு முன்னாடியே சொன்னால் பாத்ரூம் வாசலில் ஆள் போட முடியும். ரிலேட்டிவ் கிரேடிங் (மற்றவங்க மார்க்கோடு ஒப்பிட்டு கிரேடு போடறது) உள்ள கல்லூரியில் அவங்க மார்க் உங்க கிரேடையே இறக்கும். அங்கே சொல்லாமல் இருக்காதீங்க.

நாமக்கல்: பக்கத்துல உட்கார்றவன் பேப்பரைக் காட்டச் சொல்லி மிரட்டறானுங்க.

காட்டினால் இரண்டு பேரும் மாட்டுவீங்க. கொடுத்தவனுக்கும் தண்டனை உண்டு. பரீட்சைக்கு முந்தின நாளே இடம் மாற்றக் கேளுங்க. ஹாலில் உட்கார்ந்ததும் டெஸ்க் அடியையும் கால்குலேட்டர் மூடியின் உள்பக்கத்தையும் பாருங்க. ஹால் டிக்கெட்டில் பென்சில் கிறுக்கல்கூட இருக்கக் கூடாது. பிட் உங்க பக்கம் வந்து விழுந்தால் கையில் தொடாதீங்க, காலால் தள்ளாதீங்க; உடனே எழுந்து நின்னு சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க. ஸ்குவாட் (பறக்கும் படை) வரும்போது அது உங்க காலடியில் கிடந்தால், பார்த்து எழுதலைன்னு நிரூபிக்கிறது கஷ்டம். விளக்கம் எழுதச் சொன்னால் நடந்ததை மட்டும் உங்க கையெழுத்தில் எழுதுங்க. வேறொருவர் எழுதி நீட்டுகிற தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க.