பித்தப்பை ஆபரேஷனுக்குக் கழுத்தில் எதற்கு ஸ்கேன்?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. நல்ல பருமன், குட்டைக் கழுத்து, குறட்டையும் பலமாக விடுவார். பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், அண்ணாந்து பார்க்கச் சொன்னார். அப்புறம் கழுத்தில் ஜெல் தடவி ஸ்கேன் பார்த்துவிட்டு, 'குழாய் போடுவது கொஞ்சம் கஷ்டமாக இருக்கலாம்' என்றார். வயிற்று ஆபரேஷனுக்குக் கழுத்தில் என்ன ஸ்கேன்? கட்டி ஏதும் இருக்குமோ? ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கட்டியைத் தேடி எடுத்த ஸ்கேனாகத் தெரியவில்லை. மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடும் வழி எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். வேறு ஏதாவது கண்ணில் பட்டிருந்தால் தனியாகச் சொல்லியிருப்பார். மனதில் உறுத்தல் இருந்தால் அவரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள், தவறாக நினைக்க மாட்டார்.

முழு மயக்கத்தில் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்து போவதால் நோயாளி தானாக மூச்சு விடமாட்டார். மயக்க மருத்துவர் முதலில் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, லாரிங்கோஸ்கோப் என்ற கருவியால் நாக்கை ஒதுக்கி, குரல்வளை மூடியை (மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கும் மடலை) தூக்கி, குரல்நாண்களைக் கண்ணால் பார்த்து டியூபை உள்ளே விடுவார். பெரும்பாலானவர்களுக்கு இது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சிலருக்குக் குரல்நாண்கள் கண்ணுக்கே எட்டாது. மூச்சு நின்ற பின் உடலில் இருக்கும் ஆக்சிஜன் எத்தனை நிமிடம் தாங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பருமனானவர்களுக்கு அந்த அவகாசம் குறைவு. உங்கள் கணவர் விஷயத்தில் டாக்டர் கூடுதல் கவனம் எடுப்பதற்கு இதுதான் காரணம்.

வாயைத் திறக்கச் சொன்னது 1985-இல் மல்லம்பாட்டி என்ற மயக்கவியல் மருத்துவர் விவரித்த சோதனை. நாக்குக்குப் பின்னால் உள்நாக்கும் தொண்டையும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்ப்பது. இதோடு வாய் எத்தனை விரல் அகலம் திறக்கிறது, முகவாய்க்கும் தொண்டைக் குருத்தெலும்புக்கும் எவ்வளவு இடைவெளி, கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடிக்க முடிகிறதா என்றெல்லாம் பார்ப்பதுண்டு. எல்லாம் எளிய சோதனைகள், செலவும் கிடையாது. ஆனால் அவ்வளவாக நம்ப முடியாதவை. டென்மார்க்கில் 1,88,064 நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. டியூப் போடச் சிரமப்பட்ட 3,391 பேரில் 3,154 பேருக்கு அப்படி ஆகும் என்று யாரும் முன்கூட்டியே கணிக்கவில்லை. நூற்றுக்கு 93! கஷ்டம் என்று எதிர்பார்த்தவர்களிலும் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குத்தான் உண்மையில் கஷ்டமாக இருந்தது.

அல்ட்ராசவுண்டை இதற்குத் துணையாக எடுத்துக்கொள்வது இதனால்தான். வெளியிலிருந்து தெரியாததை அது அளந்து காட்டும். கழுத்தின் முன்பக்கம் புரோபை (ஜெல் தடவி வைக்கும் ஸ்கேன் கைப்பிடியை) வைத்தால், தோலிலிருந்து குரல்வளை மூடி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் லாரிங்கோஸ்கோப்பில் குரல்நாண்கள் சரியாகத் தெரியாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நடுவில் இருக்கும் சதையும் கொழுப்பும் கருவிக்கு எளிதில் வளைந்து கொடுக்காது. முகவாய்க்கு அடியில் வைத்து நாக்கின் தடிமனையும் அளக்கலாம். தலையை நேராக வைத்து ஒரு தடவை, அண்ணாந்து ஒரு தடவை என முகவாய்க்கும் நாவடி எலும்புக்கும் உள்ள தூரத்தை அளந்தால் கழுத்து எவ்வளவு பின்னால் வளைகிறது என்பதும் தெரிந்துவிடும். சில நிமிட வேலை. கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. ஜெல்லின் சில்லிப்பு மட்டும்தான்.

என்னைக் கேட்டால், இந்த ஸ்கேனின் பெரிய பயன் கணிப்பில்கூட இல்லை. டியூபும் போகவில்லை, மாஸ்க்கிலும் காற்று ஏறவில்லை என்ற மிக அரிதான நெருக்கடியில், கழுத்தின் முன்பக்கம் தைராய்டு குருத்தெலும்புக்கும் (குரல்வளை மேடு) அதற்குக் கீழே உள்ள கிரைக்காய்டு குருத்தெலும்புக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வைத் திறந்து ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். பருமனான கழுத்தில் விரலால் தடவி அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது அனுபவசாலிக்கும் தவறிப்போகும். ஸ்கேனில் மூச்சுக்குழாயின் வளையங்கள் கோத்த மணிச்சரம் மாதிரி வரிசையாகத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் சவ்வு எங்கே என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைப்பார்கள். ஆபரேஷன் முடிந்ததும் உங்கள் கணவரின் கழுத்தில் அப்படி ஒரு கோடு இருந்தால் பதற வேண்டாம்.

இந்த ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. ஒலி அலை காற்றைத் தாண்டிப் போகாது என்பதால் காற்றுப் பாதைக்குப் பின்னால் இருப்பது தெரியாது. அளப்பவர் கையையும், புரோபை அழுத்தும் விதத்தையும் பொறுத்து எண் மாறும். எந்த அளவுக்கு மேல் கஷ்டம் என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு இருக்கிறது. அதனால் ஸ்கேன் நன்றாக வந்தாலும் நாங்கள் மாற்று ஏற்பாடு இல்லாமல் ஆரம்பிப்பதில்லை.

சரி, தள்ளிப் போடலாமா? இதற்காக மட்டும் வேண்டாம். கஷ்டம் என்று முன்பே தெரிந்தால் தலைமாட்டை உயர்த்திப் படுக்க வைத்து, கூடுதல் நேரம் ஆக்சிஜன் கொடுத்து, முதலிலேயே கேமரா பொருத்திய வீடியோ லாரிங்கோஸ்கோப்பை எடுத்துவிடலாம். பக்கத்தில் இன்னொரு அனுபவமுள்ள மருத்துவரை நிற்கச் சொல்லலாம். மிகவும் சிக்கலாகத் தோன்றினால், தொண்டையை மரத்துப்போகச் செய்து, நோயாளி தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மெல்லிய கேமரா வழியாக டியூபைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் மயக்கம் கொடுப்போம். எடையைக் குறைத்துவிட்டு வரலாமே என்று சிலர் கேட்பார்கள். வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் கூடத்தான் செய்யும். நடுவில் வலியும் சீழும் வந்தால் அவசர ஆபரேஷன் ஆகிவிடும், அது இதைவிட ஆபத்து.

நீங்கள் செய்ய வேண்டியவை சில. முன்பு ஏதாவது ஆபரேஷன் நடந்து அப்போது டியூப் போடத் திணறினார்கள் என்றால் அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்துப் போங்கள். எந்த ஸ்கேனையும்விட அதற்கு மதிப்பு அதிகம். ஆடும் பல், கட்டிய பல், குறட்டையின் நடுவே மூச்சு நிற்பது, எடை குறைக்கவோ சர்க்கரைக்கோ வாராவாரம் போடும் ஊசி, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஊசி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், அதனால் வயிற்றையும் ஸ்கேன் செய்து பார்க்க நினைக்கலாம். தூக்கத்தில் மூச்சுக்கு மெஷின் வைத்துக்கொள்பவர் என்றால் அதையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வரும்போது, டியூப் எப்படிப் போனது, எந்தக் கருவி உதவியது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.