வைத்த கிட்னிக்கு ஆபத்து வருமா?

கேள்வி: என் கணவருக்கு இரண்டு வருடம் முன்பு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தது என் மாமியார். இப்போது ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருக்கிறதாம். டாக்டர் 12 வாரத்துக்கு மாத்திரை எழுதியிருக்கிறார். ‘அந்த மருந்து வைத்த கிட்னியைக் கெடுத்துவிடும்’ என்கிறார் உறவினர் ஒருவர். பேசாமல் கீழாநெல்லி கொடுக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: உங்கள் உறவினர் சொல்வது ஒரு காலத்தில் உண்மைதான் அம்மா. அப்போது எங்களிடம் இருந்த முக்கிய மருந்து இன்டர்ஃபெரான் ஊசி. வைரஸை விரட்ட அது உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும்; கிளம்பிய சக்தி வைத்த கிட்னியையும் தாக்கும். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு லாரி டிரைவர் அப்படித்தான் மறுபடி டயாலிசிஸுக்கு வந்தார். தம்பி கொடுத்த கிட்னி. “தம்பிகிட்ட என்ன சார் சொல்றது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்போது தருவது சோஃபோஸ்புவிர் சேர்ந்த மாத்திரைகள். 2013 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சீக்கிரமே இந்தியக் கம்பெனிகளும் தயாரிக்க ஆரம்பித்தன. இவை வைரஸ் பெருகுவதை நேரடியாகத் தடுக்கின்றன, எதிர்ப்புச் சக்தியைக் கிளப்புவதில்லை. நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறது. தைரியமாகச் சாப்பிடட்டும்.

நீங்கள் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டியது டாக்ரோலிமஸ் விஷயத்தில்; வைத்த கிட்னியை உடல் எதிர்க்காமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை அது. வைரஸ் போய்க் கல்லீரல் தேறத் தேற, அது டாக்ரோலிமஸை வேகமாகக் கழித்துவிடும். ரத்தத்தில் மருந்து குறைந்தால் உடல் கிட்னியை எதிர்க்கத் தொடங்கும். அதனால் இந்த மாதங்களில் அளவை அடிக்கடி பார்க்கச் சொல்வார்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் காலையில் டாக்ரோலிமஸ் போடாமல் போகட்டும். கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். பலர் வழக்கம்போல விழுங்கிவிட்டு வருகிறார்கள். அப்போது அளவு கூடுதலாகக் காட்டும்; அந்த ரிப்போர்ட்டை நம்பி டோஸ் மாற்ற முடியாது.

கீழாநெல்லி வேண்டாம். எந்தக் கஷாயம் டாக்ரோலிமஸை ஏற்றும், எது இறக்கும் என்று கணிக்க முடியாது. அப்புறம், வயிற்று எரிச்சலுக்கு பான்டோப்ரசோல் சாப்பிடுகிறாரா? சில சி மாத்திரைகள் உடலில் சேருவதை அது குறைக்கும். டாக்டரிடம் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி பரிசோதனை ஆயிற்றா என்றும் கேளுங்கள். சி அடங்கும்போது பதுங்கியிருக்கும் பி தலைதூக்கலாம்.

சி மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து, ரத்தத்தில் வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்வார்கள். அதில் வைரஸ் இல்லையென்றால் குணமாகிவிட்டது. வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கியதைத் தேடும் ஆன்டிபாடி பரிசோதனை மட்டும் அதற்குப் பிறகும் பல வருடம் ‘பாசிட்டிவ்’ என்றே காட்டும். அதைப் பார்த்து பயந்துவிடாதீர்கள்.