இதில் எதம்மா லாபம்?

கேள்வி: பட்டியலிடப்பட்ட ஒரு முதலீட்டு நிறுவனத்தின் 40 பங்குகள் என் கணவருக்குப் பிறகு என் பெயருக்கு வந்தன. காலாண்டு முடிவில் ‘நிகர லாபம்’ என்று ஒரு தொகை. சில வரி தள்ளி ‘அதர் காம்ப்ரிஹென்சிவ் இன்கம்’ என்று அதைப்போலப் பல மடங்கு. இதில் எது உண்மையான லாபம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டுமே உண்மைதான் அம்மா, ஆனால் வேறு வேறு. மற்ற நிறுவனங்களின் பங்குகளை வாங்கி வைத்திருப்பதுதான் உங்கள் நிறுவனத்தின் தொழில். அந்தப் பங்குகளுக்கு வரும் டிவிடெண்ட், வட்டி எல்லாம் நிகர லாபத்தில் சேரும். பங்கின் விலை ஏறியதோ இறங்கியதோ, பெரும்பாலும் நீங்கள் சொல்லும் அந்த இரண்டாவது தொகைக்குப் போகும். பங்கை விற்றுக் காசாக்கினாலும் அந்த லாபம் நிகர லாபத்துக்குள் வராது. நேரே கையிருப்பு நிதிக்குப் போய்விடும். முப்பது வருஷம் ஆடிட் பார்த்த எனக்கே இது பழகச் சில காலம் பிடித்தது. மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளின் ஏற்ற இறக்கம் மட்டும் நிகர லாபத்திலேயே வரும்.

இன்னொன்று. நம் நாட்டில் பல நிறுவனங்களின் இறுதி டிவிடெண்ட் ஜூலை முதல் செப்டம்பருக்குள் வருகிறது. அதனால் அந்தக் காலாண்டு கொழுத்திருக்கும், அடுத்தது மெலிந்திருக்கும். போன வருஷம் இதே காலாண்டோடு ஒப்பிடுங்கள்.

‘ஸ்டாண்டலோன்’ (அந்த நிறுவனத்தின் கணக்கு மட்டும்), ‘கன்சாலிடேட்டட்’ (அதன் குழும நிறுவனங்களையும் சேர்த்த கணக்கு) என்று இரண்டு இருக்குமே, அதில் நானே சறுக்கியிருக்கிறேன். மற்ற கம்பெனிகளின் பங்குகளை வைத்திருக்கும் ஒரு ஹோல்டிங் கம்பெனியின் கன்சாலிடேட்டட் கணக்கில் பங்குக்கு 60 ரூபாய் லாபம்; சந்தை விலை 360. லாபத்தைப்போல ஆறு மடங்குதானே விலை, மலிவு என்று வாங்கிப் போட்டேன். அந்த வருஷம் கைக்கு வந்த டிவிடெண்ட் பங்குக்கு 2 ரூபாய். அந்த 60-இல் பெரும்பகுதி, ஹோல்டிங் கம்பெனி பங்கு வைத்திருந்த வேறொரு கம்பெனி சம்பாதித்ததில் தனக்கு உரிய பாகம் என்று ஏட்டில் எழுதியது. சம்பாதித்த கம்பெனி அதை டிவிடெண்டாகக் கொடுத்தால்தானே காசு!

சரி, உங்கள் 40 பங்கின் மதிப்பை எப்படிப் பார்ப்பது? ஆண்டறிக்கையில் ‘இன்வெஸ்ட்மெண்ட்ஸ்’ என்ற குறிப்புக்குப் போங்கள். எந்தக் கம்பெனியில் எத்தனை பங்கு என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் இன்றைய விலையால் பெருக்கிக் கூட்டுங்கள். கடனையும், விற்றால் கட்டவேண்டிய வரியையும் கழித்து, உங்கள் நிறுவனத்தின் மொத்தப் பங்குகளால் வகுங்கள்; வருவது ஒரு பங்கின் மதிப்பு, அதை 40-ஆல் பெருக்கினால் உங்களுடையது. ஒரு பங்கின் சந்தை விலை பெரும்பாலும் அதன் மதிப்பைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து உடனே ‘மலிவு’ என்று துள்ளவேண்டாம். உள்ளே இருக்கும் பங்குகளை விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது புரமோட்டர்கள், அதாவது நிறுவனத்தைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்கள். நீங்களோ நானோ இல்லை.

சந்தை விலை எவ்வளவு தள்ளி நிற்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஏஷியன் பெயிண்ட்ஸ் பங்குகளை வைத்திருக்கும் எல்சிட் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற நிறுவனத்தின் பங்கு பி.எஸ்.இ.யில் (மும்பை பங்குச் சந்தையில்) 3 ரூபாய் 53 காசில் கிடந்தது. அந்த விலைக்கு யார் விற்பார்கள்? பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி சொன்னபடி சரியான விலை காணச் சிறப்பு ஏலம் நடந்த பிறகு, 2024 அக்டோபர் 29 அன்று அதே பங்கு 2,36,250 ரூபாய்க்குப் போனது. அப்போதும் புத்தக மதிப்பில் (கணக்கேட்டின்படி சொத்திலிருந்து கடன் போக ஒரு பங்குக்கு மிஞ்சுவதில்) பாதியைத் தொடவில்லை!

காலாண்டு முடிந்து 21 நாளுக்குள், யாரிடம் எவ்வளவு பங்கு என்ற பங்குதாரர் விவரத்தை நிறுவனங்கள் பங்குச் சந்தையில் தாக்கல் செய்யவேண்டும். அதில் புரமோட்டர் கையில் இருக்கும் பங்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். அப்புறம், அந்த இன்வெஸ்ட்மெண்ட்ஸ் பக்கத்தில் எழுத்து கடுகு மாதிரி இருக்கும். பிரிண்ட் எடுப்பதானால் பெரிய தாளில் எடுத்துக்கொள்ளுங்கள்.