கடன் கம்பெனிக்கு, கவலை டெய்லருக்கு

கேள்வி: ஆர்டர் குறைந்து திருப்பூரில் திடீரென்று வேலை போகிறபோது, அரசு ஏற்றுமதியாளர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தால் போதாதா? அது தொழிலாளிக்கும் வந்து சேர்ந்துவிடுமே? (அவிநாசி வாசகர்)

பதில்: வந்து சேராது. 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, மத்திய அரசு பஞ்சுக்கான 11 சதவீத இறக்குமதி வரியை ஆண்டு இறுதிவரை நீக்கியது. நவம்பரில் ஏற்றுமதியாளர்களுக்காக 20,000 கோடி ரூபாய்க்குக் கடன் உத்தரவாதத் திட்டத்துக்கு (வங்கிக் கடனுக்கு அரசே ஜாமீன்) ஒப்புதல் அளித்தது. இரண்டும் வேண்டியவைதாம். ஆனால் வாங்கிய கடனில் முதலாளி நூல் பாக்கியைத் தீர்ப்பாரே தவிர, தைக்கத் துணியில்லாத டெய்லரை உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க மாட்டார். அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும் (சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட கதியைப் பார்த்தவர்கள் அந்த உத்தரவைத் தவறென்று சொல்ல மாட்டார்கள்) பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத்தான் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கிடைத்தது.

பனியன் கம்பெனியில் வேலை போவது கடிதம் கொடுத்து அல்ல. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகும், பிறகு வாரத்தில் மூன்று நாளாகும், ஒரு சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "வேலை வந்தா போன் பண்றனுங்க" என்பார் கான்ட்ராக்டர். அவ்வளவுதான். ஐம்பது பேருக்குக் குறையாத ஆலையில், வேலையில்லை என்று தொழிலாளியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தால் அவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தர வேண்டும் என்ற சட்டம், பவர் டேபிளில் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட்டில்) பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரை எட்டுவதில்லை. வேலையிழந்தவருக்குத் தொண்ணூறு நாள் வரை சராசரி ஊதியத்தில் கால்பங்கைத் தரும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டம் 2018-இல் வந்தது, 2020-இல் அது பாதியாக உயர்ந்தது. அதற்கும் முதலில் இ.எஸ்.ஐ. எண் வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டியவர் அதே கான்ட்ராக்டர்.

ஆகவே அரசு முதலில் செய்ய வேண்டியது, ஷிப்ட் குறைந்த மாதத்திலேயே அனுப்பர்பாளையத்திலும் பெருமாநல்லூரிலும் முகாம் போட்டு, கான்ட்ராக்டரின் சம்பள நோட்டையும் வங்கிக் கணக்கில் வந்த வாரச் சம்பளத்தையும் சான்றாக ஏற்று, விடுபட்டவர்களைப் பதிவு செய்து, பாதிச் சம்பளத்தை நேராக அவர்கள் கணக்கில் போடுவதுதான். உத்தரவாதக் கடன் வாங்கும் கம்பெனி, தனக்கு ஜாப் ஒர்க் செய்யும் யூனிட்டுகளின் ஆள் பட்டியலையும் சேர்த்துத் தர வேண்டும் என்று நிபந்தனை போடலாம். திறன் பயிற்சி வகுப்பெல்லாம் பிறகு வரட்டும். பத்து வருடம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டியவருக்கு இந்த மாதம் தேவைப்படுவது சான்றிதழ் அல்ல, லைன் வீட்டு வாடகை.