உங்கள் ஊர்க் கல்லுக்கு என்ன பெயர்? வட ஆற்காட்டுப் பாறைகள்: கேள்வி பதில்

கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் சுத்தியலும் லென்சும் என் பையை விட்டு இறங்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை தெரிகிற ஊரில் இருந்துகொண்டு, அதன் பெயர் தெரியாமல் இருக்கிறோமே என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு. பாறைகளுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள், கேளுங்கள் சொல்கிறேன் என்றதும் வந்த கேள்விகள் இவை.

சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர்: சார், சமையல் மேடைக்கு பிளாக் கிரானைட் வாங்கிப் போட்டேன். காலேஜில் படிக்கிற மகள் "இது கிரானைட்டே இல்லைப்பா" என்கிறாள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றவில்லை. மகள் சொல்வதும் சரிதான். கல் வியாபாரத்தில், கெட்டியாக இருந்து பாலிஷ் ஏறுகிற கல் எல்லாமே கிரானைட். நிலவியலில் அந்தப் பெயருக்குக் கணக்கு உண்டு. பாறையில் உள்ள குவார்ட்ஸ், கார ஃபெல்ஸ்பார், பிளாஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பார் என்ற மூன்று கனிமங்களையும் கூட்டி நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் குவார்ட்ஸ் 20 முதல் 60 வரை இருக்க வேண்டும். மொத்த ஃபெல்ஸ்பாரில் பிளாஜியோகிளேஸ் 10 முதல் 65 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அப்போதுதான் கிரானைட். பிளாஜியோகிளேஸ் 65-ஐத் தாண்டினால் கிரானோடயோரைட், 90-ஐத் தாண்டினால் டோனலைட். சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஸ்ட்ரெக்கைசன் முன்னின்று, பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட அளவு இது. அதற்கு முன் ஒரே கல்லுக்கு நாட்டுக்கு ஒரு பெயர் இருந்தது.

உங்கள் கறுப்புக் கல் பெரும்பாலும் டோலரைட் அல்லது கேப்ரோவாக இருக்கும். அவற்றில் பிளாஜியோகிளேஸும் பைராக்சீன் என்ற கருநிறக் கனிமமும்தான் அதிகம், குவார்ட்ஸ் இருந்தாலும் கொஞ்சம்தான். பழைய பாறையின் வெடிப்பில் கீழிருந்து உருகிய பாறைக் குழம்பு ஏறி, சுவர் போல உறைந்து நிற்பதை 'டைக்' என்போம். நம் பக்கம் அப்படிப்பட்ட டோலரைட் டைக்குகள் நிறைய. மேடைக்கு அருமையான கல், கவலைப்படாதீர்கள்.

ஆம்பூரிலிருந்து: எங்கள் வீட்டுச் சமையல் மேடைக் கல்லில் சிவப்பும் கறுப்பும் அலை அலையாக ஓடுகிறது. இதுவும் வேறு கல்லா?

ஆமாம். கிரானைட்டில் மணிகள், அதாவது கனிமத் துகள்கள், எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து கிடக்கும். வெளிர்நிறமும் கருநிறமும் பட்டை பட்டையாகப் பிரிந்திருந்தால் அது நைஸ் (gneiss). மண்ணுக்கடியில் ஆழத்தில் சூடும் அழுத்தமும் பட்டு உருமாறிய பாறை. பட்டைகள் மடிந்து, ஒரு பகுதி உருகி மறுபடி உறைந்த மாதிரி சுருண்டிருந்தால் மிக்மடைட். கிரேக்கத்தில் 'மிக்மா' என்றால் கலவை. தென்னிந்தியாவின் அடித்தளமே பெரும்பாலும் இந்த நைஸ்தான், வயது 250 கோடி ஆண்டும் அதற்கு மேலும். உங்கள் மேடைக் கல் அந்தக் குடும்பமாக இருந்தால், மீனும் மரமும் பூமியில் தோன்றுவதற்கு எவ்வளவோ முந்தைய கல்லின் மேல்தான் தினமும் காய் நறுக்குகிறீர்கள்.

பிளஸ் ஒன் மாணவர், ராணிப்பேட்டை: தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை. இந்த மூன்றோடு முடிந்துவிடுகிறதா?

அங்கேதான் ஆரம்பமே, தம்பி. அந்த மூன்றும் பாறை பிறந்த விதத்தைச் சொல்கின்றன. அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் கேள்வி மாறும். தீப்பாறையில் என்ன கனிமம், மணி எவ்வளவு பெரிது என்று பார்ப்போம். ஒரே குழம்பு ஆழத்தில் மெதுவாக ஆறினால் பெரிய மணியோடு கேப்ரோ, மேலே வந்து சட்டென்று உறைந்தால் பசால்ட். படிவுப்பாறையில் துகளின் அளவு முக்கியம். உருமாறிய பாறையில் அடுக்கும் கனிமமும். கனிமப் பெயரை முன்னால் சேர்க்கும்போது குறைவாக இருப்பதை முதலில் எழுத வேண்டும். சிஸ்ட் என்பது தகடு தகடாகப் பிரியும் உருமாறிய பாறை; 'கார்னெட் பயோடைட் சிஸ்ட்' என்றால் அதில் கார்னெட்டை விட பயோடைட் அதிகம் என்று அர்த்தம். பரீட்சையில் பலர் தவறவிடுவது இந்த வரிசையைத்தான்.

ஜோலார்பேட்டையிலிருந்து: ஏலகிரி ஒரு பழைய எரிமலை என்று சுற்றுலா வந்தவர்களிடம் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையா அண்ணா?

இல்லை. ஏலகிரிக் கல்லை உடைத்துப் பாருங்கள், மணிகள் கண்ணுக்கே தெரியும். மேலே வழிந்து உறைந்த குழம்பில் அவ்வளவு பெரிய மணி வளர நேரம் இருக்காது. 75 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆழத்தில் நுழைந்து, அங்கேயே ஆற அமர உறைந்த பாறை அது. பிறகு மேலே இருந்ததெல்லாம் தேய்ந்துபோய் வெளியே வந்திருக்கிறது. பெயர் சையனைட் (syenite). கார ஃபெல்ஸ்பார் மிகுதி, குவார்ட்ஸ் இல்லை அல்லது மிகக் கொஞ்சம். எகிப்தின் சியீன் என்ற ஊர், அதாவது இன்றைய அஸ்வான், இந்தப் பெயருக்கு மூலம். ஆனால் அஸ்வானின் புகழ்பெற்ற கல்லே இன்றைய கணக்கில் கிரானைட்! பெயர் ஊரை விட்டுப் போய் வேறு கல்லில் ஒட்டிக்கொண்டது.

திருப்பத்தூர் ஆசிரியை ஒருவர்: சேவாத்தூர் பக்கம் பொறுக்கிய வெள்ளைக் கல்லில் நீர்த்த அமிலம் விட்டதும் பொங்கியது. சுண்ணாம்புக்கல் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். சரிதானே?

அம்மா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பொங்கியது சரி, அதில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் இருக்கிறது. ஆனால் அது கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அல்ல. சேவாத்தூரில் இருப்பது கார்பனடைட், கால்சைட் போன்ற கார்பனேட் கனிமங்கள் பாதிக்கு மேல் உள்ள தீப்பாறை. சுண்ணாம்பே குழம்பாக உருகி வந்தது மாதிரி. உலகத்தில் இது அரிது. இன்று அப்படிப்பட்ட குழம்பைக் கக்கிக்கொண்டிருக்கும் எரிமலை தான்சானியாவின் ஓல் டோய்ன்யோ லெங்காய் ஒன்றுதான். அதன் குழம்பு ஏறக்குறைய 500, 600 டிகிரியில் ஓடும். பசால்ட் குழம்புக்கு 1,100 டிகிரிக்கு மேல் வேண்டும்.

சேவாத்தூரில் வெர்மிகுலைட் என்ற கனிமமும் எடுத்தார்கள். மைக்கா போலத் தகடு தகடாக இருக்கும், சூடாக்கினால் பொரி மாதிரி உப்பும். மாடித்தோட்டத்துக்கு விற்பது அதுதான். அடுத்த வகுப்பில் இதையும் காட்டுங்கள். ஒரே அமிலச் சோதனை, இரண்டு வேறு பிறப்பு. எங்கே, எந்தப் பாறைகளுக்கு நடுவே கிடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பெயர் சரியாக வரும். கல்லை மட்டும் கொண்டுவந்து கொடுத்துப் பெயர் கேட்பவர்களிடம் எங்கே எடுத்தது என்று நான் துளைப்பது இதனால்தான்.

காட்பாடியிலிருந்து: தமிழ்நாட்டு ஊர் எதுவும் பாறைப் பெயரில் இல்லையா?

ஊர்ப்பெயர் இல்லாவிட்டாலும், நம் கல்லிலிருந்து உலகத்துக்கே ஒரு பெயர் போயிருக்கிறது: சார்னோகைட். கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல் சென்னைப் பக்கத்துக் கல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். பல்லாவரமும் பரங்கிமலையும் இதன் மூல இடம். 'பல்லாவரைட்' என்று வைத்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் தோன்றும்.

ஜவ்வாது மலையிலும் இந்தக் கல் உண்டு. புதிதாக உடைத்த முகம் எண்ணெய் தடவியது போலப் பச்சை கலந்த கருமையாக மினுங்கும். கறுப்புக் கனிமத்தால் வந்த நிறமல்ல, ஃபெல்ஸ்பாரே அந்த நிறம். அடையாளக் கனிமம் ஹைப்பர்ஸ்தீன், பைராக்சீனில் ஒரு வகை. ஹாலண்ட் இதைத் தீப்பாறை என்றார். பிறகு வந்தவர்கள் இதில் பலவும் மிகுந்த சூட்டில் உருமாறியவை என்று காட்டினார்கள். பெயர் மட்டும் இரு தரப்புக்கும் பொதுவாக நிலைத்துவிட்டது.

ஆரணியிலிருந்து: ஸ்தபதிகள் ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்கிறார்களே. அதற்கு அறிவியலில் இடம் உண்டா?

அது வேறு கேள்விக்கான பதில். அவர்கள் தட்டி, ஓசை கேட்டுப் பிரிக்கிறார்கள். கணீரென்று மணியோசை வந்தால் ஆண்கல்: உள்ளே வெடிப்பில்லை, மணிகள் இறுக்கமாக இருக்கின்றன. உளி வைத்தால் எதிர்பாராமல் பிளக்காது. சிலை செய்கிறவருக்கு அதுதான் தேவை. நிலவியலாளர் அந்தக் கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துக் கனிமத்தை எண்ணுவார். ஒரு ஆண்கல் கிரானைட்டாகவும் இருக்கலாம், சார்னோகைட்டாகவும் இருக்கலாம். ஒன்றை வைத்து மற்றொன்றை மறுக்க வேண்டாம்.

வாலாஜாபேட்டை மேஸ்திரி: எம்-சாண்ட் மணலா, கல்லா?

நிலவியலில் மணல் என்பது அளவின் பெயர்: 2 மில்லிமீட்டருக்குக் கீழே, பதினாறில் ஒரு மில்லிமீட்டர் வரை. கட்டட வேலையில் 4.75 மில்லிமீட்டர் வரை மணல் கணக்கு. பாலாற்று மணலை ஆறு உருட்டியது, இதைக் கிரஷர் உடைத்தது. அளவில் மணல்தான்.

வேலூரிலிருந்து: கோட்டைச் சுவரைக் கிரானைட் என்று எழுதுகிறார்கள். ஒத்துக்கொள்கிறீர்களா?

கட்டடக் கல் என்ற பொருளில் ஒத்துக்கொள்கிறேன். நிலவியல் பெயர் வேண்டுமென்றால் சுவர் முழுவதற்கும் ஒரே பெயர் கொடுக்க முடியாது. அகழி ஓரம் நடந்து ஒவ்வொரு கல்லாகப் பாருங்கள். பட்டை ஓடினால் நைஸ், மணிகள் சீராகக் கலந்திருந்தால் கிரானைட் குடும்பம். சுரண்டவோ தட்டவோ வேண்டாம், கண்ணே போதும்.

குடியாத்தம் மாணவி: நுண்ணோக்கி இல்லை, அமிலம் இல்லை. நானே பெயர் கண்டுபிடிக்க என்ன வேண்டும்?

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், ஒரு எஃகுக் கத்தி, ஒரு நோட்டு. வெயிலில் காய்ந்த வெளித்தோலைப் பார்த்து முடிவு செய்யாமல், உடைந்த புதிய முகத்தைப் பாருங்கள். கத்தியால் கீறிப் பார்க்கலாம்: கால்சைட்டில் கீறல் விழும், ஃபெல்ஸ்பாரிலும் குவார்ட்ஸிலும் விழாது. கண்ணாடிச் சில்லு போல ஒழுங்கின்றி உடைந்தது குவார்ட்ஸ், தட்டையான முகம் பளிச்சென்று மின்னினால் ஃபெல்ஸ்பார். உறுதியில்லாத பெயரை எழுதாதீர்கள். "பெரிய மணி, பட்டை இல்லை, வெளிர்நிறம், குவார்ட்ஸ் உண்டு" என்று பார்த்ததை எழுதி, எடுத்த இடத்தையும் தேதியையும் போடுங்கள். அடுத்த முறை நோட்டோடு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.